இறக்குமதி கேம்பர் டிரெய்லர்: முன்பணம் கட்டும் முன்

கேள்வி (திருவொற்றியூர்): ஆஸ்திரேலியச் சந்தைக்காகச் சீனாவில் தயாராகும் ஆஃப்-ரோடு கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றை நேரடியாக வரவழைக்க ஆசை. விற்பவர் 30 சதவீத முன்பணம் கேட்கிறார். துறைமுகம் நமக்குப் பக்கத்தில்தானே, இறங்கியதும் காரில் மாட்டி வீட்டுக்கு இழுத்து வந்துவிடலாமா?

பதில்: முடியாது. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். பதிவு இல்லாமல் காட்டுப்பள்ளித் துறைமுக வாசலிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை வரைகூட இழுக்கக் கூடாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும்.

இந்த வியாபாரத்தில் பணம் சிக்கிக்கொள்ளும் இடமே பதிவுதான். மத்திய மோட்டார் வாகன விதி 47-இன்படி, படிவம் 20-இல் விண்ணப்பிக்கும்போது விற்பனைச் சான்று (படிவம் 21), சாலைத் தகுதிச் சான்று (படிவம் 22), இன்சூரன்ஸ், இறக்குமதி என்பதால் சுங்கச் சான்று எல்லாம் வைக்க வேண்டும். டிரெய்லராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: அதன் வடிவமைப்புக்குப் போக்குவரத்து ஆணையர் மட்டத்தில் கிடைத்த ஒப்புதலின் நகல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டு விற்பனையாளர் "எல்லாப் பேப்பரும் தருகிறோம்" என்பார். அது அவர் நாட்டுப் பேப்பர்.

ஆகவே முதலில் வரைபடத்தை வாங்குங்கள். நீளம், அகலம், உயரம், காலி எடை, முழு எடை, ஆக்சில், விளக்குகள் இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை ஒரு கடிதத்தோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, இந்த வடிவமைப்புக்கு ஒப்புதல் பெற என்ன வேண்டும், ஒரகடம் வாகனச் சோதனை மையம் போன்ற இடத்தின் அறிக்கை தேவையா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள்.

சேசிஸ் (அடிச்சட்டம்) எண் தகட்டில் மட்டும் இருந்தால் போதாது, சட்டத்தின் இரும்பிலேயே பஞ்ச் அடித்திருக்க வேண்டும். இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது), பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) மூன்றிலும் அதே எண் ஓரெழுத்தும் பிசகாமல் வர வேண்டும். பிசகினால் திருத்தி முடிக்கும்வரை சரக்கு யார்டில் கிடக்கும், வாடகை ஏறும்.

கேள்வி (மணலி): சி.ஐ.எஃப். விலை என்று சொன்னதற்கு மேல் என்னென்ன செலவு வரும்?

பதில்: சி.ஐ.எஃப். என்பது சரக்கு, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்த மதிப்பு. அதன்மேல் சுங்கவரி. அந்த வரியையும் கூட்டிய தொகையின்மேல் ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.). சுங்க வரித் தலைப்பு 8716 10, அதாவது கேரவன் வகை டிரெய்லர். பொதுவாகப் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் நாளின் விகிதம்தான் செல்லும் என்பதால் கிளியரிங் ஏஜென்டிடம் எழுத்தில் கணக்கு வாங்குங்கள். இவை போகத் துறைமுகக் கட்டணம், கன்டெய்னர் நிலைய வாடகை, கப்பல் கம்பெனியின் தாமதக் கட்டணம் வரும். கடைசி இரண்டும் தனித்தனி மீட்டர்கள். இலவச நாள்கள் எத்தனை என்று இரண்டு பக்கமும் கேளுங்கள்.

சாதாரண 20 அடி கன்டெய்னரின் வாசல் ஏறக்குறைய 2.34 மீட்டர் அகலம், 2.28 மீட்டர் உயரம். கூரைக் கூடாரத்தோடு இந்த உயரத்தைத் தாண்டினால் உயரம் கூடிய ஹை-கியூப் கன்டெய்னர் வேண்டும், கூலியும் கூடும். முட்டுக் கொடுத்த மரக்கட்டைகளில், பூச்சி நீக்கிய மரம் என்பதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இல்லையென்றால் சரக்கு நிற்கும். வரி குறைய இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடுகிறேன் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

கேள்வி (எண்ணூர்): எங்கள் பக்கம் உப்புக் காற்றில் பைக் சைலன்சரே நிற்பதில்லை. "கால்வனைஸ்டு சேசிஸ்" என்பதை நம்பலாமா?

பதில்: எந்த வகைக் கால்வனைசிங் (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசுவது) என்பதுதான் கேள்வி. வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு முழுச் சட்டத்தையும் உருகிய துத்தநாகத்தில் முக்குவது ஒன்று. முன்பே பூசிய குழாயை வாங்கி வெட்டி வெல்டிங் செய்வது இன்னொன்று. இரண்டாவதில் பூச்சு மெல்லியது. வெல்டிங் சூட்டில் அது எரிந்துபோன ஒவ்வொரு இணைப்பிலும் துரு தொடங்கும். அடையாளம் எளிது. முக்கி எடுத்த சட்டத்தின் குழாய்களில் காற்றும் துத்தநாகமும் வெளியேற ஓட்டைகள் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் மூடிய குழாயைத் தொட்டியில் இறக்கினால் வெடித்துவிடும். வெல்டிங் தழும்பின்மேலும் அதே சாம்பல் பூச்சு தெரிய வேண்டும். 3 முதல் 6 மி.மீ. கனமுள்ள இரும்புக்கு, முக்கிப் பூசுவதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 1461 கேட்பது சராசரி 70 மைக்ரான். கப்பலில் ஏற்றும் முன் மைக்ரான் மீட்டரை வைத்து, அளவு தெரியும்படி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.

சட்டத்தைவிட முந்திக் கெடுவது வீல் பேரிங். ஓடிச் சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதி) தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாக நீரை உறிஞ்சும். பழவேற்காடு, முகத்துவாரம் பக்கம் உப்புத்தண்ணீரில் இறக்கினால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கையோடு ஹப்பைத் திறந்து புது கிரீஸ் நிரப்புங்கள். பேரிங்கில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய இலகு ஹப்களில் எல்.எம். 67048, எல்.எம். 11949 ஜோடி பரவலாக வரும். எண் கையில் இருந்தால் பாரிமுனைப் பேரிங் கடைகளில் கேட்கலாம். சீல் இரண்டு செட் டிரெய்லரோடு வரவழைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி (தண்டையார்பேட்டை): அமெரிக்க டிரெய்லர் மலிவாக வருகிறது. எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் கதவும் வலப்புறம். இங்கே ஓரம் கட்டினால் லாரி போகும் பக்கம் திறக்கும். மின்சாரம் 120 வோல்ட். பல மாடல்களில் பின் இண்டிகேட்டர் சிவப்பு, நம் விதிக்கு அது ஆம்பர் நிறமாக இருக்க வேண்டும். டிரெய்லரை மாட்டும் கொக்கிப் பந்து 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. மற்ற இடங்களில் 50 மி.மீ. ஆஸ்திரேலிய மாடலில் கதவு இடப்புறம், மின்சாரம் 230 வோல்ட். பிளக்கையும் கேஸ் ரெகுலேட்டரையும் மட்டும் நம்மூர் சிலிண்டருக்கேற்ப மாற்றி, சோப்புத் தண்ணீரில் கசிவு பார்த்தால் போதும்.

கேள்வி (மாதவரம்): என் கார் 1,600 கிலோ டிரெய்லரை இழுக்குமா?

பதில்: எஞ்சின் இழுக்கும் என்பது வேறு, கார் கம்பெனி அனுமதிப்பது வேறு. கையேட்டில் இழுவை எடை இல்லையென்றால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கியின்மேல் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் அமர வேண்டும். 1,600-க்கு 160 கிலோ, அது காரின் சுமைக் கணக்கிலும் சேரும். குறைந்தால் வேகத்தில் வால் ஆடும். லாரி எடை மேடையில் டிரெய்லரைத் தனியாக ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு காரில் மாட்டி டிரெய்லர் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க இன்னொரு முறை. கழித்தால் கொக்கிப் பாரம்.

ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் பிரேக் கட்டாயம், 2,000-க்கு மேல் எல்லாச் சக்கரத்திலும். எலக்ட்ரிக் பிரேக் என்றால் காருக்குள் கன்ட்ரோலர் பொருத்த வேண்டும். பிரேக்கை இயக்கும் ஒவ்வொரு காந்தமும் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். வயர் மெலிந்தால் பிரேக் பிடிக்காது.

கேள்வி (இராயபுரம்): பிரச்சினை வந்தால் எங்கே போவது?

பதில்: வெளிநாட்டு விற்பனையாளர்மேல் இங்கே உத்தரவு வாங்கினாலும் நிறைவேற்றுவது கடினம். இந்திய இறக்குமதியாளரிடம் வாங்கினால், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை அங்கே செல்லும். முதல் படிக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லில் சேசிஸ் எண்ணும், "பதிவு ஆகாவிட்டால் முழுப்பணமும் திரும்பத் தரப்படும்" என்ற வரியும் கையெழுத்தோடு இருக்கட்டும்.