முற்றவெளிக்கு முதலில் நிழல் வேண்டும்

வாசகர் கேள்வி – கட்டடக் கலைஞர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல யாழ்ப்பாண நகர மையத்தை, அதாவது கோட்டைக்கு முன்னாலுள்ள முற்றவெளித் திடலையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியவை. அதனால் இந்தப் பத்தி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன். வீட்டுப் படம் அனுப்பிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: முற்றவெளி, நூலகம், கலாசார மையம், மாநகர சபைக் கட்டடம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே திட்டமாகச் செய்யவேண்டும் என்று இங்கே பேச்சு அடிபடுகிறது. எங்களிடம் கருத்துக் கேட்டால் முதலில் எதைச் சொல்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வண்ணார்பண்ணை

பதில்: அம்மா, கட்டடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். கட்டடம் அங்கே போதிய அளவு இருக்கிறது. சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் வரைந்து 1959இல் திறந்த நூலகம். வீரசிங்கம் மண்டபம். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம். துரையப்பா விளையாட்டரங்கு, சுப்பிரமணியம் பூங்கா, அந்தப் பக்கம் கோட்டை. இப்போது இந்திய அரசின் நிதியில் கட்டிய 11 மாடிக் கலாசார மையமும் சேர்ந்துவிட்டது. இத்தனையும் கால்நடையாகப் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. இப்படி ஒரு செல்வம் எந்த நகரத்துக்கும் எளிதில் வாய்க்காது.

ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்க மனம் வருகிறதா? சித்திரை வெயிலில், மத்தியானம் ஒரு மணிக்கு, பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு சிறு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்து பாருங்கள். எங்கே நிழல் விடுகிறது, எங்கே நடைபாதை முடிந்து வீதியில் இறங்க வேண்டியிருக்கிறது, எந்த இடத்தில் வீதியைக் கடக்கப் பயமாக இருக்கிறது, தாகம் எடுத்தால் தண்ணீர் எங்கே, மலசலகூடம் எங்கே. இவற்றை ஒரு கொப்பித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலியுள்ள உங்கள் வயதுக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கூட்டத்தில் அந்தத் தாளை வாசியுங்கள். படம் வரைகிறவர்களுக்கு அதைவிட உதவியான ஆவணம் கிடைக்காது.

முற்றவெளி எப்படி வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கோட்டைக்கு முன்னால் மறைவேதும் இல்லாமல் வெட்டவெளியாகக் கிடந்த நிலம் அது. பீரங்கிக்காரனுக்கு அந்த வெறுமை தேவைப்பட்டது, நமக்குத் தேவையில்லை. கூட்டம், விளையாட்டு, கண்காட்சிக்கு நடுவிலே வெளி இருக்கட்டும். ஓரமெல்லாம் மரம் வரவேண்டும். வேம்பு, மருது, புளி என்று நம் மண்ணில் தானாக நிமிர்கிற மரங்களே போதும். நடைபாதைக் கல்லுக்கு ஒதுக்குகிற காசில் ஒரு சிறு பங்கை மரத்துக்கும் முதல் மூன்று கோடைக்கு அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். கன்று நடுகிற நாளில் படம் எடுக்க எல்லோரும் வருவார்கள். ஆடிமாதத்தில் வாளியோடு வருகிறவர் யார் என்பது திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கலாசார மையத்துக்குப் பக்கத்திலுள்ள புல்லுக்குளம். அதை ஒரு அலங்காரத் தொட்டியாக நினைத்து விளக்கும் செயற்கை ஊற்றும் போடுவதோடு நிறுத்தக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்து நிலத்துக்குள் இறக்குவதும், மிஞ்சியதை வாய்க்கால் வழியே கடலுக்கு விடுவதும்தான் நகரத்துக் குளங்களின் வேலை. குளத்துக்கு வருகிற வாய்க்காலையும் போகிற வாய்க்காலையும் படத்தில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது இல்லாத படத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டாம்.

*

கேள்வி: கொழும்பில் செய்வதுபோல் வாகனத் தரிப்பிடத்தை நிலத்துக்கு அடியில் இரண்டு தட்டாகக் கட்டிவிட்டால் மேலே முழுவதும் பூங்காவாக்கலாமே?
– பொறியியல் மாணவன், கோண்டாவில்

பதில்: தம்பி, யோசனை நல்ல நோக்கத்தோடு வந்தது. நிலம் இடம் தராது. நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல், வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. குடாநாட்டின் நன்னீர் அந்தப் பொந்துகளில், உப்புநீருக்கு மேலே ஒரு படலமாக மிதக்கிறது. நீர்மட்டத்தை ஒரு மீற்றர் இறக்கினால் அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலெழும்பும் என்பது நீங்கள் பாடத்தில் படித்திருக்கக்கூடிய கணக்கு. முற்றவெளியோ பண்ணைக் கடலுக்குப் பக்கத்தில். அங்கே தோண்டிய குழியை உலர வைத்திருக்க மோட்டர் ஓயாமல் இறைக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகள் அதற்கு விலை கொடுக்கும்.

வாகனத்தை மையத்தின் விளிம்பிலே, மரநிழலில், தண்ணீர் உள்ளிறங்கக்கூடிய தரையில் நிறுத்தலாம். பஸ் நிலையம் இவ்வளவு கிட்ட இருக்கும்போது எல்லோரும் காரோடு வருவார்கள் என்று கணக்குப் போடுவதே சரியல்ல. நகரத்தின் பெரும்பகுதியில் கழிவுநீர்க் குழாய் கிடையாது, மலக்குழிதான். ஆயிரம் பேர் கூடுகிற இடத்தின் கழிவு எங்கே போகும் என்பதை வைத்து ஒரு ஆய்வு செய்யுங்கள். உங்கள் படிப்பு ஊருக்கு உடனே பயன்படுகிற இடம் அது.

*

கேள்வி: நாங்கள் பரம்பரையாகக் கூத்து ஆடுகிறவர்கள். பெரிய மண்டபங்களில் ஆடினால் எங்கள் கூத்து எங்களுக்கே அந்நியமாகத் தெரிகிறது. இது எங்கள் குறையா, மண்டபத்தின் குறையா?
– கூத்துக் கலைஞர், குருநகர்

பதில்: ஐயா, உங்களில் ஒரு குறையும் இல்லை. கலாசார மையத்தின் அரங்கு 600 பேர் கதிரையில் உட்கார்ந்து ஒரே திசையைப் பார்க்கிற அரங்கு. பரதத்துக்கும் இசைக் கச்சேரிக்கும் நவீன நாடகத்துக்கும் அது பொருந்தும், அந்த வகையில் நம் நகரம் நெடுநாள் காத்திருந்த வசதி. குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் கூத்து வளர்ந்த விதம் வேறு. சனம் பாய் விரித்துக் களரியைச் சூழ்ந்து இருக்கும். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பக்கத்தில் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பார். பிள்ளை நித்திரையாகி விடியப்புறம் எழும்பும்போதும் கூத்து நடந்துகொண்டிருக்கும். அதைப் பத்து மணிக்குக் கதவு பூட்டுகிற, கச்சான் கொண்டுவரக்கூடாத ஓர் அறைக்குள் அடைத்தால் உயிர் போகத்தான் செய்யும்.

நல்ல காலமாக அதே வளவில் திறந்தவெளி அரங்கும் பொதுச் சதுக்கமும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. கூத்துக்காரர்கள் உரிமை கேட்க வேண்டியது அந்த வெளியைத்தான். இரவு முழுக்க ஆட அனுமதி, மின்சாரப் புள்ளி, உடுப்பு மாற்ற மறைவிடம், விடிய முதல் பஸ் வரும்வரை திறந்திருக்கும் மலசலகூடம். வாடகை கிராமத்துக் குழு கட்டக்கூடிய அளவில் இருக்கவேண்டும். ‘மயான காண்டம்’ ஆடி ஊரையே அழவைத்த வி. வி. வைரமுத்து கோயில் வீதிகளில் மேடை போட்டுத்தான் அந்தச் சனத்தைச் சேர்த்தார். நகரத்தின் நடுவில் அப்படியொரு வீதி நமக்கு வேண்டும். சங்கமாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், தனித்தனியாகப் போகாதீர்கள்.

*

கேள்வி: எரிந்த நூலகத்தை வெள்ளையடித்துத் திறந்தது நினைவை அழித்த செயல் என்று இன்றும் நினைக்கிறேன். உங்கள் கருத்து?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: உங்கள் வலியை மதிக்கிறேன். 1981 மே 31 இரவு தொடங்கிய அழிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. கரி படிந்த சுவர்களை அப்படியே நினைவாக நிறுத்திவிட்டு வேறிடத்தில் புதிது கட்டவேண்டும் என்ற குரல் பலமாக ஒலித்ததும் உண்மை. ஆனால் நான் திறந்ததன் பக்கம்தான். மாலையில் பள்ளிக்கூடச் சீருடையோடு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். க. மு. செல்லப்பா 1930களில் தன் வீட்டில் சில புத்தகங்களோடு தொடங்கியது அதற்காகத்தான்.

நினைவு வேண்டாம் என்பதல்ல. நூலகத்தின் கதை நூலகத்துக்குள்ளேயே, வருகிறவர் கண்ணில் படுகிற இடத்தில், மூன்று மொழியிலும் சொல்லப்பட வேண்டும். வெளியேயும் ஒன்று இருக்கிறது. 1974 சனவரி 10 அன்று தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதியில் உயிரிழந்தவர்களுக்கான நினைவுத் தூண்கள். அழகுபடுத்தும் திட்டம் எது வந்தாலும் முதலில் இடம் மாற்றப்படுகிறவை இத்தகைய சிறிய சின்னங்களே. வீதியை அகட்டவும் கடை போடவும் அவற்றை நகர்த்தக்கூடாது என்று வரைபடத்திலேயே எல்லைக் கோடு போடவேண்டும். இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

*

கேள்வி: கலாசார மையத்தின் பெயர் சரிதானா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: 2025 சனவரியில் வள்ளுவர் பெயரைச் சூட்டியபோது ‘யாழ்ப்பாணம்’ விடுபட்டது, எதிர்ப்பு வந்தபின் சேர்க்கப்பட்டது. வள்ளுவரும் நம்மவர், ஊரும் நம்முடையது. இரண்டும் இருப்பது சரி.

*

கேள்வி: உள்ளூராட்சியில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். கட்ட உதவி கிடைக்கும், நடத்த யார் கொடுப்பார்?
– நல்லூர்

பதில்: இந்த இதழில் நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி. கலாசார மையத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 2015இல் அடிக்கல், 2022 மார்ச்சில் காணொளி வழியே திறப்பு, 2023 பெப்ரவரியில்தான் மக்களிடம் கையளிப்பு. 11 மாடிக்கு மின்தூக்கி, ஏசி, காவல், துப்புரவு என்று மாதாமாதம் போகிற செலவை மாநகர சபையால் தாங்க முடியுமா என்ற கேள்வியும் இடையில் ஓடிக்கொண்டே இருந்தது. வீடு, காணிக்கு அறவிடும் சோலைவரியையும் சந்தைக் குத்தகையையும் நம்பியிருக்கிற சபை அது. போரில் அழிந்த தன் சொந்தக் கட்டடத்துக்கே 2019இல்தான் புது அடிக்கல் நாட்டியது. நாடு 2022இல் நெருக்கடியில் விழுந்ததும் அந்த வேலையும் இழுபட்டது.

ஆகவே அடுத்த திட்டம் மேசைக்கு வரும்போது கட்டுமானச் செலவுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி கேளுங்கள்: முதல் பத்து வருடத்துக்குப் பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, யார் கையொப்பத்தோடு. கீழ்த்தளத்தில் தேநீர்க் கடை, புத்தகக் கடை, பயிற்சி வகுப்பு அறைகள் வைத்தால் சிறு வருமானம் வரும், இரவில் ஆள் நடமாட்டமும் இருக்கும். ஆனால் அது துப்புரவுக்குக் காணுமே தவிர மின்தூக்கி பழுதுக்குக் காணாது. மிச்சத்தை மாகாணமோ மத்திய அரசோ எழுத்தில் ஏற்கவேண்டும். உதவி தருகிற நாட்டிடமே கட்டடத்தோடு ஒரு பராமரிப்பு நிதியும் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சபையின் கணக்குப் புத்தகம் புரட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. வண்ணார்பண்ணை ஆசிரியை அம்மா நடந்து எழுதப்போகிற தாளோடு உங்கள் கணக்கும் சேர்ந்து போகட்டும். கூட்டத்துக்கு முன்பே எனக்கு அனுப்பினால் படங்களை நான் வரைந்து தருகிறேன், கட்டணம் வேண்டாம்.