எஸ்டபிள்யூஆர் தானா இறங்கினா சந்தோசப்படாதேங்கோ

மாரி முடிஞ்ச கையோட அமெச்சூர் ரேடியோக்காரரிட்ட இருந்து எனக்கு வாற கேள்வியள்ல முக்காவாசி வயர் அன்டெனா பற்றித்தான். ஏனெண்டா மழையும் வாடைக்காத்தும் முடிஞ்ச பிறகுதான் எல்லாரும் மேல அண்ணாந்து பாக்கிறம். (புது ஆக்களுக்கு: எஸ்டபிள்யூஆர் எண்டா ரேடியோ அனுப்புற பவரில எவ்வளவு திரும்பி வருது எண்டு காட்டுற எண், 1.0 எண்டா ஒண்டும் திரும்பேல்லை.) இந்தமுறை நாலு கேள்விக்குத்தான் இடம் இருக்கு, அதிலயும் முதல் கேள்வியே பாதிப் பக்கத்தை விழுங்கிட்டுது, மற்றவை கோவிக்காதேங்கோ.

கேள்வி: அண்ணை, ரெண்டு வருசத்துக்கு முதல் 40 மீட்டர் பாண்டுக்கு (7 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) ஒரு டைபோல், அதுதான் நடுவில கேபிள் சேருற ரெண்டு கை வயர் அன்டெனா, கட்டினனான். ஒரு நுனி பனையில, மற்றது தண்ணி டாங்கில. ரேடியோவுக்கு வாற கோக்ஸ் கேபிள் 30 மீட்டர், ஆர்.ஜி. 58 எண்ட மெல்லிய வகை. கட்டின புதுசில எஸ்டபிள்யூஆர் 7.1இல 1.3, பாண்ட் ஓரத்தில 1.8 காட்டினது. இப்ப நான் ஒண்டும் செய்யேல்லை, எங்க வச்சுப் பாத்தாலும் 1.2தான். அன்டெனா பழகிச் சரியாகிட்டுதோ? ஆனா முந்தி 5-9 (நல்லாக் கேக்குது எண்ட ரிப்போட்) தந்த இந்தியாக்காரர் இப்ப நான் மெல்லிசாக் கேக்குதாம் எண்டினம்.
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, அன்டெனா பழகாது, கோக்ஸ்தான் பழுதாகும். உங்கட கேபிளுக்குள்ள தண்ணி போயிட்டுது எண்டுதான் நான் சொல்லுவன். டைபோலின்ர எஸ்டபிள்யூஆரை ஃபிரிகுவென்சிக்குக் கீறிப் பாத்தா நடுவில பள்ளமாயும் ரெண்டு பக்கமும் ஏறியும் இருக்கோணும், அந்தப் பள்ளம் நிரவுப்பட்டு தட்டையாப் போச்செண்டா இடையில எதோ ஒண்டு பவரைத் திண்டுகொண்டிருக்கு. ரேடியோவில இருந்து மேல போற பவர் போற வழியில கரையுது, அன்டெனாவில பட்டுத் திரும்புறது வாற வழியில இன்னொருக்காக் கரையுது, மீட்டர் அறைக்குள்ள இருக்கிறபடியா ஒண்டும் திரும்பி வரேல்லை, எல்லாம் நல்லம் எண்டு சொல்லுது. அன்டெனாவுக்குப் பதிலாப் போட்டு பவரைச் சூடாக்கி விழுங்குற நல்ல டமி லோட் ஒண்டும் 1.0தான் காட்டும், அதில நீங்க எவ்வளவு கூப்பிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் கேக்காது.

சோதிக்கிறது லேசு. மேல அன்டெனாப் பக்கம் கோக்ஸைக் கழட்டிட்டு நுனியைத் திறந்தபடி விடுங்கோ, கீழ அன்டெனா அளக்கிற அனலைசர் இருந்தா அதால, இல்லாட்டி ரேடியோவை ஆகக் குறைஞ்ச பவரில வச்சு ஒரு செக்கன் மட்டும் பாருங்கோ. (100 வாட்டில அமத்திப்போட்டு பிறகு என்னை ஏசவேண்டாம்.) புது ஆர்.ஜி. 58 எண்டா 30 மீட்டருக்கு 7 மெகாஹேர்ட்ஸில இழப்பு ஒரு டிபி (டெசிபல்) சொச்சம்தான், அப்ப திறந்த நுனிக்கு ஏழு எட்டு காட்டோணும். மூண்டு காட்டினா மேல போறதில பாதி வழியிலயே போகுது. ரெண்டு காட்டினா நீங்க அனுப்புறதில மூண்டில ஒரு பங்குதான் அன்டெனாவுக்குப் போய்ச் சேருது. அன்டெனா கழட்டின கேபிள் 1.2 காட்டினா அதை உடுப்புக் காயப்போடுற கொடியாக் கட்டுங்கோ.

எனக்கும் இது நடந்தது, அதாலதான் இவ்வளவு உறுதியாச் சொல்லுறன். உட்துறைமுகப் பக்கம் வீடு, உப்புக்காத்து. மேல சோல்டர் பண்ணின இடத்தில சும்மா இன்சுலேசன் டேப்பைச் சுத்தி விட்டனான், அது வெயிலுக்குக் கழண்டுபோச்சு. கோக்ஸுக்குள்ள இருக்கிற செம்புப் பின்னல் விளக்குத்திரி மாதிரி, தண்ணியை உறிஞ்சி உள்ளுக்க கொண்டுபோகும். வெட்டிப் பாத்தா உள்ளுக்க புளி போட்டு மினுக்காத செம்புக்குடம் மாதிரிக் கறுத்துக் கிடந்தது. ஒரு மீட்டர் வெட்டினன், கறுப்பு. இன்னொரு மீட்டர், அதுவும் கறுப்பு. கடைசியா முழுக் கேபிளையும் எறிஞ்சன்.

இப்ப நான் செய்யிறது என்னெண்டா, இழுத்துச் சுத்தினாத் தன்பாட்டில ஒண்டோட ஒண்டு ஒட்டுற ரப்பர் டேப் விக்குது, அதைக் கீழ இருந்து மேல சுத்துறது, கூரைக்குக் கிடுகு வேயிற மாதிரி, மேல் சுத்து கீழ் சுத்தை மூடோணும், அப்பத்தான் மழைத்தண்ணி வழுகிப் போகும். அதுக்கு மேல வெயிலுக்கு வழமையான கறுப்பு டேப். கோக்ஸ் வீட்டுக்குள்ள வாற இடத்திலயும் ஒருக்காக் கீழ தொங்கவிட்டு வளைச்சு எடுங்கோ, தண்ணி அந்த வளைவில சொட்டும்.

கேள்வி: எஸ்டபிள்யூஆர் 3 இருக்கு. ரேடியோவுக்குப் பக்கத்தில டியூனர் (ரேடியோவுக்கு 50 ஓம் மாதிரிக் காட்டுற பெட்டி) வச்சா 1.0 வருது. பிறகென்ன பிரச்சினை?
— வாசகர், கிண்ணியா

பதில்: ரேடியோவுக்குப் பிரச்சினை இல்லை. கேபிளுக்கு மேல பக்கம் இன்னும் 3தான், டியூனர் அதை மாத்தேல்லை. 40 மீட்டர் பாண்டில நீளம் குறைஞ்ச கோக்ஸ் எண்டா 3 பெரிய கவலை இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கதையுங்கோ. ஃபிரிகுவென்சி கூடின 10 மீட்டர் பாண்டில மெல்லிய நீளக் கோக்ஸோட எண்டா கூடச் சேதம். ஒரே வயரில கன பாண்ட் வேணுமெண்டா ஏணி மாதிரி ரெண்டு கம்பி ஓடுற ஃபீடரைப் போட்டு டியூனரை வைக்கிறதுதான் என்ர விருப்பம், அதில இழப்பு சொற்பம்.

கேள்வி: 143ஐ மெகாஹேர்ட்ஸ் ஃபிரிகுவென்சியால பிரிச்சா மீட்டரில டைபோல் நீளம் வரும் எண்டு நீங்கதான் எழுதினனீங்க. 7.1க்கு 20.14 மீட்டர் வெட்டினன், வீட்டு வயரிங் வயர். இப்ப ஆகக் குறைஞ்ச எஸ்டபிள்யூஆர் 6.85இல நிக்குது, 7.1இல மூண்டுக்கு மேல. கணக்குப் பிழையோ, நான் பிழையோ?
— வாசகர், சீனக்குடா

பதில்: ரெண்டும் பிழை இல்லை. அந்த 143 வெறுங்கம்பிக்கு. பிவிசி உறை போட்ட வயர் மின்னளவில கொஞ்சம் நீளம் மாதிரி நடக்கும், ரெண்டில இருந்து அஞ்சு வீதம் வரைக்கும் கீழ இழுக்கும், உங்களுக்கு மூண்டரை வீதம் இழுத்திருக்கு. அதோட நிலத்துக்குக் கிட்ட இருந்தாலும் கீழ இறங்கும். இப்ப உள்ள நீளத்தை 6.85ஆல பெருக்கி 7.1ஆல பிரியுங்கோ, 19.43 வரும். 71 சென்டிமீட்டர் கூட, பக்கத்துக்கு 35. ஆனா ஒரேயடியா 35ஐ வெட்டாதேங்கோ, முதல் 25ஐ இன்சுலேட்டருக்குள்ளால திருப்பி மடிச்சுச் சுத்திக் கட்டி, திரும்ப அதே உயரத்துக்கு ஏத்தித்தான் அளக்கோணும். நெஞ்சுயரத்தில வச்சு அளந்து வெட்டினவை பிறகு வயர் ஒட்டித் திரிஞ்சதை நான் பாத்திருக்கிறன். உறை போட்ட வயரை மடிச்சா வெட்டின அளவுக்கு முழுசா ஏறாது, அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொண்டு, 1.0ஐத் துரத்தாதேங்கோ. வெட்டவெளியில தனிய நிக்கிற டைபோலுக்கு நடுவில 73 ஓம், 50 ஓம் கோக்ஸுக்கு அது 1.46, அதில ஒரு குறையும் இல்லை. கம்பம் ஒண்டுதான் இருக்கெண்டா நடுவை உயர்த்தி ரெண்டு கையையும் கீழ சரிச்சுக் கட்டுங்கோ, அந்த 73 இறங்கி 50க்குக் கிட்ட வரும். அன்டெனா அளக்கிற சின்னக் கருவி நனோ விஎன்ஏ வச்சிருக்கிறியள் எண்டா திறந்தது, சோர்ட், 50 ஓம் மூண்டையும் கோக்ஸின்ர அன்டெனாப் பக்க நுனியில வச்சுக் கலிபிரேட் பண்ணுங்கோ, கேபிள் கணக்கில இருந்து கழண்டிடும். அது கஸ்டமெண்டா கோக்ஸை 13.9 மீட்டர் இல்லாட்டி அதின்ர மடங்காக வெட்டுங்கோ, வெலோசிட்டி ஃபாக்டர் (வெளியோட பாக்க கேபிளுக்குள்ள அலை போற வேகத்தின்ர விகிதம்) 0.66 உள்ள கேபிளுக்கு 7.1இல அது அரை அலை, மேல உள்ளது கிட்டத்தட்ட அப்பிடியே கீழ தெரியும்.

கேள்வி: கோக்ஸைக் கையால பிடிச்சா மீட்டர் ஆடுது. மைக் உதட்டில பட்டாக் கடிக்குது. என்ன செய்ய?
— வாசகர், மூதூர்

பதில்: என்ன அன்டெனா எண்டு எழுதேல்லை, ஆனா ஒரு நுனியில ஊட்டுற வயர்தான் எண்டு பந்தயம் கட்டுவன். 49:1 டிரான்ஸ்போமர் பெட்டி ரெண்டாயிரத்துச் சொச்சம் ஓமை 50க்கு இறக்கித் தரும், சரி, ஆனா கரண்ட் திரும்பிப்போக அங்க இன்னொரு வயரும் வேணும், அது இல்லாட்டி கோக்ஸின்ர வெளிப்பக்கத்தைத்தான் பிடிக்கும். அப்ப உங்கட கோக்ஸும் அன்டெனாதான், நீங்க தொட்டா அன்டெனாவைத் தொட்ட மாதிரி. பெட்டியில இருந்து ரெண்டு மூண்டு மீட்டர் கீழ, ஒரு பெரிய ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில கோக்ஸைப் பத்துப் பன்னிரண்டு சுத்துச் சுத்துங்கோ. டைபோல் எண்டா அதே வளையம் நடுவில, கோக்ஸ் சேருற இடத்தில. போட்டிட்டுத் திரும்பக் கையால பிடிச்சுப் பாருங்கோ, மீட்டர் இன்னும் ஆடுதெண்டா சுத்தைக் கூட்டுங்கோ, இல்லாட்டி ரேடியோப் பக்கம் இன்னொரு வளையம் போடுங்கோ.