பெரியப்பா பெட்டியில மத்தவங்க கடிதம்

கேள்வி: அக்கா, எங்க பெரியப்பா மனநல டொக்டரா இருந்தவரு, போன வருஷம் தவறிட்டாரு. அவரோட பேப்பர்கள ஒரு ஆவணக்காப்பகம் கேட்டிருக்கு, நீங்களே பிரிச்சு குடுங்கன்னு சொல்லிட்டாங்க. பதினோரு பெட்டி. டயரி, கொப்பி, லெக்சர் நோட்டு, அதுக்கு நடுவுல அவருகிட்ட வைத்தியம் பார்த்த தேயிலைத் தோட்டத்து ஆளுங்க அவருக்கு எழுதுன கடிதங்க. பெரியம்மா கடிதத்தை எரிச்சிருவோம்ங்கிறாங்க, தம்பி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நெட்ல போடுவோம்ங்கிறான். நான் என்ன செய்யறது?
- வாசகி, ஹட்டன்

பதில்: ரெண்டும் வேணாம் தங்கச்சி. லெக்சர் நோட்டும் டயரியும் பெரியப்பாவுடையது, அத யாருக்கு குடுக்கிறதுன்னு நீங்க குடும்பமா முடிவெடுக்கலாம். அந்த கடிதங்க அப்படி இல்ல, அது எழுதினவங்களோட மனசு. உலக மருத்துவ சங்கத்தோட ஜெனீவா உறுதிமொழியில, நோயாளி செத்த பிறகும் அவங்க சொன்ன ரகசியத்தை காப்பேன்னு இருக்கு, டொக்டரே போயிட்டாருங்கிறதுக்காக அந்த வாக்கும் போயிடாது.

தம்பிக்கிட்ட இதையும் சொல்லு. 1998 வரைக்கும் நம்ம இலங்கையில தற்கொலைக்கு முயற்சி பண்றது சட்டப்படி குற்றம். அதுக்கு முந்தி எழுதுன கடிதத்துல ஒருத்தரு உயிரை விடப் பார்த்தேன்னு சொல்லியிருந்தா, அவரு டொக்டர நம்பி ஒரு குற்றத்தையே ஒத்துக்கிட்டிருக்காரு. பேரை மட்டும் கறுப்படிச்சா போதும்னு நினைக்காதீங்க, தோட்டத்துல டிவிஷன் பேரு, எத்தனையாவது லயம் (வரிசை வீடு), புருஷன் கங்காணியா (வேலையாட்கள மேய்க்கிறவரா) இருந்தாருன்னு மூணு விஷயம் போதும், யாருன்னு ஊரே சொல்லிரும். அவங்க பேத்தி இன்னைக்கு ஹட்டன்லயே டீச்சரா இருக்கலாம்.

அதுக்காக எரிக்கவும் கூடாது. 1948ல தோட்டத்து ஆளுங்களோட பிரஜாவுரிமை போச்சு, 1964 ஒப்பந்தத்துல அவங்கள்ல 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கும் 3,00,000 பேர இலங்கை ஏத்துக்கும்னு ரெண்டு அரசாங்கமும் கணக்கு போட்டு பிரிச்சாங்க, அந்த எண்ணிக்கை எல்லா புத்தகத்துலயும் இருக்கு, ஆனா அண்ணன் கப்பலேறினதுல இருந்து அம்மா தூங்கலைன்னு ஒரு வீட்டு ஆள் சொன்னது இப்படிப்பட்ட பெட்டியில மட்டும்தான் கிடைக்கும். அதுலயும் எழுதத் தெரியாதவங்க தோட்டத்து கணக்கு எழுதுற கணக்கப்பிள்ளைகிட்டயோ வாத்தியார்கிட்டயோ சொல்லி எழுத வச்சிருப்பாங்க, அதனால ஒரு கடிதத்துல ரெண்டு பேரு குரல் இருக்கும்.

குடுக்கும்போது எழுத்துல ஒரு ஒப்பந்தம் போடுங்க, கடிதங்கள தனியா முத்திரை வச்சு இத்தனை வருஷம் யாருக்கும் காட்டக்கூடாதுன்னு. பிரிட்டன்ல இந்த மாதிரி நோயாளிகளோட பதிவுகள பொதுவா 100 வருஷம் மூடி வைக்கிறாங்க, அதையே கேளுங்க. நம்ம நாட்டுலயும் 2022ல தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம் வந்திருச்சு, காப்பகத்துக்கும் அது தெரிஞ்சிருக்கும். ஆஸ்பத்திரி முத்திரை குத்தின கேஸ் ஷீட் ஏதாவது கிடைச்சா அத இதோட சேர்க்காம தனியா வைங்க, அது ஆஸ்பத்திரிக்கு சொந்தமானது. தம்பிக்கு ஸ்கேன் பண்ண ஆசைன்னா லெக்சர் நோட்டு இருக்கே, 2005ல இருந்து நூலகம் நிறுவனம் தமிழ் ஆவணங்கள டிஜிட்டல்ல சேர்த்து வைக்கிறாங்க, அவங்ககிட்ட கேட்டுப் பார்க்கச் சொல்லு.

இப்ப கைவேலை. நான் எங்க மாமாவோட பேப்பர்கள ஒழுங்கு பண்றேன்னு தேதி வாரியா அடுக்கினேன், எந்த கடிதம் எந்த டயரிக்குள்ள இருந்துச்சுங்கிறது அன்னைக்கே அழிஞ்சிருச்சு, இன்னும் மனசு ஆறல. பெரியப்பா வச்ச வரிசையிலயே வைங்க, பெட்டிய திறந்த உடனே ஒரு போட்டோ எடுத்துருங்க, கடிதத்தை யாரும் உக்காந்து வாசிக்க வேணாம், என்ன வகைன்னு தெரிஞ்சா போதும். ரப்பர் பேண்டையும் துருப்பிடிச்ச பின்னையும் மெதுவா கழட்டுங்க, கிழிஞ்சதுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, லேமினேட்டும் வேணாம். நம்ம பக்கம் ஜூன், ஜூலை மழையில பூஞ்சணம் பிடிக்கும், அதனால ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவுல செய்யுங்க. ஈரம் இருந்தா நிழல்ல காத்தாட வைங்க, வெயில்லயும் அடுப்படியிலயும் வேணாம். பூஞ்சணம் பிடிச்ச பேப்பர் கட்டை தனியா எடுத்து வச்சு மாஸ்க் போட்டுக்கிட்டு தொடுங்க.

பெரியம்மாவ ஒதுக்கி வச்சுட்டு இத செய்யாதீங்க. பெட்டியில பழைய படம் ஏதாவது இருந்தா அதுல இருக்கிறவங்க யாரு, எந்த கிளினிக்குன்னு சொல்ல இனி அவங்க மட்டும்தான் இருக்காங்க. பக்கத்துல உக்கார வச்சு, சொல்றத பென்சில்ல படத்துக்கு பின்னாடி மெல்லமா எழுதுங்க, பேனா வேணாம்.