தகரக் கூரையும் காலர் மைக்கும்

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன் இரண்டு குறும்படங்கள் எடுத்தேன். இப்போது பையனுக்கு ஆறு வயது, பெண்ணுக்கு மூன்று. மூன்றாவது படத்தைத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, நான்கு நிமிடம்தான் தேறியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே எடுப்பதால் எந்த டேக்கைப் பார்த்தாலும் பிள்ளைகள் சத்தம். இல்லாவிட்டால் மழை. காலர் மைக் வாங்கியும் பயனில்லை. மொத்தமாக டப்பிங் செய்து இசை போட்டு மூடிவிடலாமா? செல்போனை விட்டு நல்ல கேமரா வாங்கலாமா? சத்யஜித் ரே வேலையையும் விடாமல் லீவு நாட்களில் படம் எடுத்தார் என்று படித்தேன். எனக்குத்தான் முடியவில்லை. பிள்ளைகள் வளரும்வரை நிறுத்திவைப்பதுதான் நியாயமோ?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

கேமரா வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டரும் வாங்கினால் மீதியும் இருக்கும்.

ரேயை விடுங்கள். 1952-இல் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கினார், 1955-இல் படம் வெளிவந்தது, நடுவில் 1953-இல் மகன் பிறந்தான். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வீட்டில் மனைவி பிஜோயா இருந்தார், ரேயின் அம்மாவும் இருந்தார். உங்கள் ஞாயிற்றுக்கிழமையில் மூன்று நாளாகக் காயாத யூனிஃபார்ம் அல்லவா தொங்குகிறது! யாரோடாவது ஒப்பிட்டுத்தான் தீருவேன் என்றால் பிரெஞ்சு இயக்குநர் ஆனியெஸ் வர்தாவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 1972-இல் மகன் பிறந்தபின் அவரால் வீட்டைவிட்டுத் தூரமாகப் போக முடியவில்லை. பாரிஸில் தன் வீட்டு மீட்டரிலிருந்தே கரண்ட் வயரை இழுத்தார். நூறு மீட்டர்கூட இருக்காது. அது எட்டிய தூரத்தில் என்ன இருந்ததோ அதைப் படமெடுத்தார்: ரொட்டிக்கடை, கறிக்கடை, தையல்காரர். உங்கள் வயர் அடுப்படியிலிருந்து வாசல்வரை எட்டுகிறதென்றால் படம் அதற்குள்தான் இருக்கிறது.

இதெல்லாம் சொல்ல நான் பதில் எழுத உட்காரவில்லை. ‘இசை போட்டு மூடிவிடலாமா’ என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

எனக்கு வரும் குறும்பட லிங்குகளில் மலை என்றாலே பனிமூட்டம், ட்ரோன், பின்னால் ஒரு பியானோ. கீழேயிருந்து இரண்டு நாள் வந்துபோகிறவர்கள் அப்படி எடுத்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன வந்தது? தென்மேற்கு மழையைத் தொட்டபெட்டா மறைத்துக்கொள்வதால் கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அந்த மழையில் தகரத்துக்குக் கீழே பேசுகிறவர்கள் தங்களை அறியாமல் குரலை ஏற்றிக்கொண்டே போவார்கள். மழை சட்டென்று நிற்கும். கடைசி வார்த்தை மட்டும் கத்தலாக நடுவீட்டில் விழும். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இதை எந்த டப்பிங் தியேட்டரில் செய்வீர்கள்? நம் சினிமா டப்பிங்கை நம்பியதற்குக் காரணங்கள் உண்டு. கேமரா தையல் மெஷின் மாதிரி இரைந்தது. நடிக்க வந்தவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் செல்போன் இரைகிறதா? உங்கள் கதாநாயகிக்குத் தமிழ் வராதா? (அது உங்கள் மாமியார் என்று யூகிக்கிறேன்.)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் மஸ்கட்டில் இருந்தேன். வீடு அருவங்காட்டில். ஃபோன் பேசினால் சம்பளம் காலி என்பதால் மனைவி கேசட்டில் பேசி அனுப்புவாள். மிகவும் ஒழுங்கானவள். மகள் அழுதால் பதிவை நிறுத்தும் பாஸ் பட்டனை அமுக்கிவிடுவாள், ரயில் ஹார்ன் கேட்டால் அமுக்கிவிடுவாள். எனக்கு வந்து சேருவது ‘டக்’, நலம், ‘டக்’, பால்காரருக்குக் கொடுத்தாயிற்று, ‘டக்’. ஒவ்வொரு கேசட்டையும் ஒருமுறைதான் கேட்டேன்.

ஒரு தடவை பட்டனை அமுக்க மறந்துவிட்டாள். பி பக்கத்தில், கடைசியில். தகரத்தில் மழை. குக்கர் இரண்டு விசில். மகள், “அப்பா இந்தப் பொட்டிக்குள்ளயா இருக்காரு?” என்கிறாள். எதையோ உருட்டிவிடுகிறாள். என்னிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனைவி, ஒரு கத்து கத்துகிறாள். பிறகு அவளே சிரிக்கிறாள். டேப் தீர்ந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை ஓட்டினேன் என்று கணக்கில்லை. ரூமிலிருந்த மற்ற மூன்று பேருக்கும் அந்தக் குக்கர் விசில் எப்போது வரும் என்று தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். செல்போன் ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும். பேச்சு நின்றதும் மழையைப் பெரிதாக்கிக் காட்டும். உங்களுக்கு எரிச்சல் தருவது பாதி அதுதான், பிள்ளைகள் மேல் பழி போடாதீர்கள். ஒலியளவைக் கையால் நிறுத்திவைக்கும் ஆப்போடு இன்னொரு பழைய ஃபோனைப் பேசுகிறவர் அருகில், துணி உரசாமல் வையுங்கள். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், யாரும் பேசாமல் அதே அறையை ஒரு நிமிடம் பதிவுசெய்யுங்கள். வெட்டி ஒட்டும்போது இடையில் நிரப்ப அது வேண்டும். மூன்று வயதுக்காரி அந்த ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள்தான். இருக்கும்வரை எடுங்கள்.

நிறுத்திவைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்னும் பத்து வருடத்தில் உங்கள் வீடு தானாகவே அமைதியாகிவிடும். அப்போது எதைப் பதிவுசெய்யப் போகிறீர்கள்?

இதை எழுதுகையில் அந்தக் கேசட் எங்கே என்று மனைவியிடம் கேட்டேன். அலமாரியிலிருந்து எடுத்தாள். மலை ஈரத்தில் டேப் முழுக்கப் பூஞ்சை. “அதுல நான் கத்தியிருப்பேனே, அதையா இத்தனை நாள் வெச்சிருந்தீங்க?” என்றாள்.

உங்கள் நான்கு நிமிடத்தை இசை போடாமல் அனுப்புங்கள். கேட்கிறேன்.