யானைச் சாணத்தைப் பெட்டியில் வைக்காதே: ஜெர்மனிக்குப் பிஎச்டி போகும் தங்கச்சிக்கு

கொழிஞ்சாம்பாறைத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: "அக்டோபரில் ஜெர்மனியில் பாப்புலேஷன் ஜெனடிக்ஸ் (உயிரினக் கூட்டங்களின் மரபியல்) பிஎச்டி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாளையாறு, தெற்கே நெல்லியாம்பதி, ரெண்டு பக்கமும் யானைச் சாணம் எடுத்து டிஎன்ஏவைக் கையோடு கொண்டு போகலாமா அண்ணா? முடித்த பிறகு அங்கேயே நிலைக்க முடியுமா?"

கேள்வி அருமையான கேள்வி. கணவாய் யானைகளைப் பிரித்திருக்கிறது என்று முன்பே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முழு ஜீனோமை (மொத்த டிஎன்ஏவை) வைத்து எப்போதிலிருந்து, எவ்வளவு பிரிந்தன என்று கேட்க இன்னும் நிறைய இடம் இருக்கிறது. ஆனால் சாம்பிளைப் பெட்டியில் வைக்கவே வைக்காதேம்மா. காட்டுக்குள் சாணம் எடுக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கக் காட்டையும் சேர்த்தால் கேரளத்திடமும் தமிழ்நாட்டிடமும் தனித்தனியாக வாங்க வேண்டும். நாட்டை விட்டு வெளியே போக, சென்னையில் இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. யானை, சைட்டிஸ் என்கிற உலக வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் அதன் பர்மிட்டும் சேரும்.

பலர் கவனிக்காமல் விடுவது இது: 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் கண்ணில், வருமான வரிக் கணக்குப்படி நான்-ரெசிடென்ட் ஆகிவிட்ட இந்தியக் குடிமகளும் வெளிநாட்டாரைப் போலவே ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டியவள். அடுத்த வருஷம் லீவில் வந்து "என் ஊர்க் காடுதானே" என்று எடுக்க முடியாது. ஆய்வு முடிவுகளை வெளிநாட்டு லேபுக்குக் கைமாற்றவும் இதே சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. மரபணு வளங்களைப் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 511/2014 விதிப்படி அந்த லேபும் உன்னிடம் இந்த அனுமதிக் காகிதம் கேட்கும். அதை ஆய்வு முடிந்து 20 வருஷம் பத்திரமாக வைக்க வேண்டும்.

நேரான வழி, ஹைதராபாத் சிசிஎம்பி, பெங்களூர் என்சிபிஎஸ் மாதிரி ஓர் இந்திய உயிரியல் ஆய்வு நிறுவனத்தோடு அரசு அங்கீகரித்த கூட்டாய்வு. டிஎன்ஏ பிரிப்பதும் அதன் வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங்கும் இங்கேயே நடக்கட்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் முதல் அத்தியாயத்தை ஏற்கெனவே வெளியான டேட்டாவில் திட்டமிடு.

இனி வேலை. சாணத்தின் வெளிப்பக்க வழவழப்பில்தான் யானையின் குடல் செல் இருக்கும். உள்ளே பெரும்பாலும் புல்லும் பாக்டீரியாவும். வெயில்பட்டுக் காய்ந்தது வேண்டாம், புதியதன் மேல்தோலைச் சுரண்டி ஆல்கஹாலில் போடு. டிஎன்ஏ சிதைந்திருந்தால் இரண்டு அல்லீலில் (தாயும் தகப்பனும் தந்த மரபணு வடிவங்களில்) ஒன்று விடுபட்டு, கலப்பு மரபு ஒற்றையாகத் தெரியும்; ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கூட்டத்தில் எடுத்தால் தாயும் மகளும் சித்தியும்தான் கிடைப்பார்கள். மரபு ஒற்றுமையைப் புள்ளிகளாகக் காட்டும் பிசிஏ வரைபடத்தில் அந்தக் குடும்பம் தனி இனம்போலப் பிரிந்து நிற்கும். உறவுமுறையைக் கணக்கிட்டு நெருங்கிய சொந்தங்களை முதலில் நீக்கு.

வடக்குச் சாம்பிள்கள் ஒரு பிளேட்டில் (பல சாம்பிளை ஒன்றாக ஓட்டும் லேப் தட்டில்), தெற்கு இன்னொன்றில் என்று ஓட்டினால் இயந்திர வித்தியாசம் கணவாய் வித்தியாசமாக வேடம் போடும். எல்லா பிளேட்டிலும் கலந்து வை. இரண்டு மூலைகளில் மட்டும் எடுத்தாலும், பிரிவுக்குக் காரணம் கணவாயா, வெறும் தூரமா என்று சொல்ல முடியாது. கணவாயின் இரு ஓரத்திலும், ஒரே பக்கத்தில் அதே அளவு தூரத்திலும் சாம்பிள் வேண்டும். அபூர்வ அல்லீல்களை வடிகட்டிவிட்டுப் பழைய காலத்து யானை எண்ணிக்கையைக் கணித்தால் நடக்காத சரிவு ஒன்று நடந்ததாகத் தெரியும். பிசிஏவுக்கு அந்த வடிகட்டல் சரி, வரலாற்றுக்குக் கூடாது.

நிலைப்பது பற்றி. அங்கே பிஎச்டிக்கு டிவி-எல் இ13 என்கிற அரசுச் சம்பள நிலையில் 65 சதவீதம் என்பது சாதாரணம், வேலை என்னவோ முழு நாளும்தான். இதைவிட முக்கியம் காலக்கெடு: பல்கலைக்கழகங்களில் தகுதி வளர்ப்புக்கான தற்காலிக ஒப்பந்தம் பிஎச்டிக்கு முன் 6 வருஷம், பின் 6 வருஷம். குழந்தை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2 வருஷம் கூடும். நிரந்தரப் பதவிகள் குறைவு. முதல் வருஷமே லினக்ஸும், பைத்தான், ஆர் என்கிற நிரல்மொழிகளும் கையில் படியட்டும். மருத்துவ ஜீனோம் லேபுகளும் கம்பெனிகளும் கேட்பது அதைத்தான். ஜெர்மன் மொழியை பி1 (நடுத்தர நிலை) வரையாவது படி.

வீடு புகுந்த 2 வாரத்துக்குள் நகராட்சியில் பதிவு செய். நீ அங்கே குடிவந்ததாக வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள். அது தள்ளிப்போனால் வரி எண் தள்ளிப்போகும், முதல் சம்பளத்தில் 6ஆம் வகுப்பு வரி, அதாவது மிக அதிகமான வரி, பிடித்துவிடலாம். பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் அந்த மாத வாடகைக்கு உதவாது. அந்தத் தாளை வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்.