ஏலத்தில் எடுத்த ஹெரால்டு கார்: மீதிப் பணத்தைக் கட்டியே ஆகவேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 61, ஊர் திருப்பூர். என் அப்பா வைத்திருந்தது போலவே ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1965 மாடல், இணைய ஏலத்துக்கு வந்தது. கடைசிப் பத்து நிமிடம் இரண்டு பேர் மாறி மாறி விலையை ஏற்றினார்கள். 2,40,000 ரூபாய்க்கு எனக்கு விழுந்தது. விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையையும் அனுப்பினார். வண்டி புனேயில் இருக்கிறதாம், லாரியில் ஏற்றிவிடுவாராம். அட்வான்ஸ் 35,000 அனுப்பி நான்கு நாள் ஆகிறது. இப்போது விண்டேஜ் பதிவுக் கட்டணம் என்று 20,000 கேட்கிறார். தயங்கியதும், பின்வாங்கினால் கேஸ் போடுவேன் என்று வக்கீல் நோட்டீஸ் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. இதைப் படித்த கையோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போன தேதி, தொகை, பரிவர்த்தனை எண், போய்ச் சேர்ந்த கணக்கு, இவ்வளவும் கையில் இருக்கட்டும். பணம் இன்னும் வெளியே எடுக்கப்படாமல் ஏதாவது ஒரு கணக்கில் கிடந்தால் முடக்கி வைப்பார்கள். முடக்கிய பணத்தை நீதிமன்ற உத்தரவு மூலம் திரும்பப் பெறலாம். நான்கு நாள் தாமதம்தான், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிப்புறப் படத்தில் காருக்கு நான்கு கதவு. சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் தயாரான ஹெரால்டில் நான்கு கதவு மாடல் 1968-ல்தான் வந்தது. 1965 வண்டிக்கு இரண்டு கதவுதான். அடுத்து உள்புறப் படம். அதில் ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது. நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்காக மட்டுமே செய்யப்பட்டது, அதற்கு ஸ்டியரிங் வலது பக்கம். ஆக, எங்கெங்கோ எடுத்த இரண்டு வெவ்வேறு கார்களின் படங்களை ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். அப்பாவின் வண்டியில் ஏறி இறங்கிய உங்களுக்கே இது தெரிந்திருக்கும். ஏலம் முடிய பத்து நிமிடம் என்ற பதற்றத்தில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதற்றத்தை உண்டாக்கத்தான் ஏலம் என்ற வேடமே.

சரி, கேஸ் மிரட்டலுக்கு வருவோம். ஏலம் எடுத்தவர் கட்டுப்பட்டவர் என்பது நேர்மையாக நடந்த ஏலத்துக்குத்தான். விற்பவர் தன் ஆட்களை விட்டு விலையை ஏற்றியிருந்தால், 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ம் பிரிவுப்படி அந்த விற்பனையை நீங்கள் ரத்து செய்யலாம். இல்லாத வண்டியைக் காட்டி வாங்கிய சம்மதம் ஒப்பந்தச் சட்டத்திலும் நிற்காது. உண்மையில் வழக்கு அவர்மேல்தான் பாயும்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318(4)-ன்படி ஏமாற்றுக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி-யில் ஆள்மாறாட்டத்துக்கு 3 ஆண்டு வரை. அந்த நோட்டீஸில் வக்கீலின் பதிவு எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை. பதில் எழுத வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். அதுவும் சாட்சிதான்.

20,000 என்ற தொகையை அவர் கற்பனையாகச் சொல்லவில்லை, அதுதான் ஆபத்து. 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் புதுப்பதிவுக் கட்டணம் அதேதான். ஆனால் அதை அரசின் பரிவாஹன் தளத்தில் கட்டுவார்கள். தனிநபரின் யுபிஐ-க்கு அனுப்புவதில்லை. அடையாள அட்டையில் உள்ள ராணுவ வீரரைத் தேடிப்பிடித்துச் சண்டை போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது திருடிய அட்டையாக இருக்கும், அவரும் பாதிக்கப்பட்டவர்தான்.

புகார் கொடுக்க புனே போகத் தேவையில்லை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் திருப்பூர் போலீஸே புகாரை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 173-ம் பிரிவு.

இன்னொரு ஹெரால்டு தேடுவீர்கள் என்று தெரியும், தேடுங்கள். புத்தக வடிவில் ஆர்.சி. (பதிவுச் சான்று) உள்ள பழைய வண்டிகள், வண்டி விவரம் காட்டும் அரசின் எம்பரிவாஹன் செயலியில் வராமல் போகலாம். அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் அசல் ஆர்.சி. புக்கைக் காட்டவும், உங்கள் மெக்கானிக் சேஸ் நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கவும் விற்பவர் சம்மதிக்க வேண்டும். அந்த நம்பரைப் பதிவான ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்பிட்ட பிறகுதான் டோக்கன் அட்வான்ஸ் பற்றிப் பேச்சு. வெளிமாநில வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் (என்.ஓ.சி.) வேண்டும். திருட்டு வண்டியாக இருந்தால் முழு விலை கொடுத்தாலும் அது உங்களுக்குச் சொந்தமாகாது, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

அப்புறம், ஏலத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு இன்றே மின்னஞ்சல் போடுங்கள். விளம்பரத்தை நீக்கினாலும் அதன் விவரங்களை 180 நாள் அவர்கள் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது இருக்க வேண்டும் அல்லவா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் போனது அம்மாவும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கிலிருந்து. வங்கியிலிருந்து அவருக்கும் போன் வரலாம், அதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.