கிளியோன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏதென்ஸ் கட்டுரையில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு அரசியல்வாதி கிளியோனை ‘வாய்ச்சவடால்காரர்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வரலாற்றாசிரியர் துசிடிடிசும் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனிசும் சொன்னதுதான். இருவருக்கும் அவரைப் பிடிக்காது. எதிரிகளின் சாட்சியத்தை வைத்து ஒருவரை எடைபோடலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

அந்தச் சொல் என் அவசரம். ஒப்புக்கொள்கிறேன்.

அரிஸ்டோபனிஸ் கணக்கு எளிது. கி.மு. 426ல் அவர் போட்ட நாடகம் வெளியூர்க்காரர்கள் முன்னால் ஏதென்சை இழிவுபடுத்துகிறது என்று கிளியோன் புகார் கொடுத்தார். 424ல் ‘குதிரைவீரர்கள்’ நாடகத்தில் பதிலடி வந்தது. அதில் ‘மக்கள்’ என்ற கிழட்டு எஜமானை ஏய்க்கும் அடிமைதான் கிளியோன். தோல் பதனிடும் பட்டறைக்காரர் என்பதால் தோல் நாற்றக் கிண்டலுக்கும் குறைவில்லை. நாடகத்துக்கு முதல் பரிசு. கைதட்டிய அதே ஊர் சில வாரங்களில் கிளியோனைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தது!

துசிடிடிஸ் விஷயம்தான் சிக்கல். ஸ்பார்ட்டாவுடனான போரில் ஆம்பிபோலிஸ் நகரைப் பறிகொடுத்து, 20 ஆண்டு நாடுகடத்தப்பட்ட தளபதி அவர். அதே ஊரை மீட்கப் போய் 422ல் இறந்தவர் கிளியோன். தப்பி ஓடுகையில் வெட்டுப்பட்டார் என்று எழுதும்போது துசிடிடிசின் பேனாவில் கொஞ்சம் திருப்தி தெரிகிறது. ஸ்பாக்டீரியா தீவில் சிக்கிய ஸ்பார்ட்டர்களை 20 நாளில் கொண்டுவருவேன் என்று கிளியோன் சவால் விட்டதை அவர் பைத்தியக்காரத்தனம் என்கிறார். கையோடு, அது நடந்தது என்றும், 292 பேர் கைதிகளாக வந்தார்கள் என்றும் எழுதுகிறார். களத்தில் திட்டம் டெமாஸ்தனிஸ் என்ற தளபதியுடையது, அது வேறு கதை. நான் அவரைப் படிக்கும்போது அடைமொழிகளை அடித்துவிட்டுத்தான் படிப்பேன். தகவலை அவர் மறைப்பதில்லை.

அப்படி அடித்துவிட்டுப் படித்தாலும் மிட்டிலீன் மிஞ்சுகிறது. 427ல் ஏதென்சுக்கு எதிராகக் கலகம் செய்த அந்த ஊரின் ஆண்கள் அனைவரையும் கொல்லும் தீர்மானம் கிளியோனுடையது. மறுநாள் சபை மனம் மாறியபோதும் அவர் அதற்காகவே வாதாடினார். நூலில் உள்ள அவரது பேச்சு துசிடிடிஸ் தன் நடையில் அமைத்ததாக இருக்கலாம். தீர்மானம் அப்படியல்ல. கொலை ஆணையோடு முன்பே கிளம்பிவிட்ட கப்பலைப் பிடிக்க, அதை ரத்துசெய்யும் ஆணையோடு இரண்டாம் கப்பல் விரைந்தது. மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பு வலித்தபடியே தின்று, முறைவைத்துத் தூங்கி, கடைசி நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் தப்பியது. கலகத்தைத் தூண்டியவர்கள் என்று ஏதென்சுக்கு அனுப்பப்பட்டிருந்தவர்கள் தப்பவில்லை. ஆயிரத்துக்கும் சற்று அதிகம் என்கிறார் துசிடிடிஸ். அவர்களைக் கொல்லச் சொன்ன தீர்மானமும் கிளியோனுடையதே.